அம்மாவின் கால் ஏன் வளைந்தது?

(எமது சங்கத்தின் நூற்றாண்டையொட்டி மஸ்கெலியாவில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், பழைய மாணவியும் வாதநோய்ப் பிரிவு வைத்தியருமான சங்க உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அக்கா கேட்டபோது, "எதைப் பற்றி?" என்றேன். "உனக்குத் தெரிஞ்சதைப் பேசு" என்றார். எனக்குத் தெரிந்தது முழங்கால். வாதநோய் கிளினிக்கில் நாள்தோறும் நான் பார்ப்பது அதைத்தான். அதிலும் மலையகப் பெண்களிடம் அதிகம் பார்க்கும் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன். முழங்காலின் உட்பக்கம் வலிக்கும். கால் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக வில்போல வளையும். ஒஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோயும் கால் வளைவும் ஒன்றாகச் சேர்ந்த நிலை இது.

இன்று காலை இந்த மண்டபத்துப் படிகளின் அருகே கொஞ்ச நேரம் நின்றேன். அம்மாமார் பலர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து ஏறி வந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் "எத்தனை வருசமாம்மா இப்படி?" என்று கேட்டேன். "மலையில ஏறி எறங்குற காலு, அப்படித்தான் இருக்கும் புள்ள" என்றார். நான் சின்ன வயதிலிருந்து கேட்ட பதில் அது. லயத்தில் வளர்ந்த எங்களுக்கு வளைந்த கால் ஒரு நோயாகவே தெரிந்ததில்லை. வயதானால் தலை நரைக்கும், கொழுந்து பறித்தால் கால் வளையும் என்றுதான் நினைத்திருந்தோம்.

வைத்தியராக வந்த பிறகும் நான் அப்படித்தான் நினைத்தேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். என் அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். நான் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்த ஆண்டு அம்மாவுக்கு 51 வயது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, "முட்டி உள்பக்கம் குத்துதுடி" என்றார். நான் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. எழுந்து நிற்கச் சொல்லிக் காலைப் பார்க்கவில்லை. "வயசாகுதும்மா" என்று சொல்லி, பையில் இருந்த டைக்ளோஃபெனக் மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனேன். மாத்திரை முடிந்ததும் அம்மா அதே அட்டையைப் பாமசியில் காட்டி வாங்கிக்கொண்டார். மகள் டாக்டர் கொடுத்தது என்பதால் ஐந்து வருடம் விடாமல் போட்டார். வயிற்றில் புண் வந்து, கறுப்பாக வெளிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் ஒருநாள் லயத்துப் படிகளில் அவர் எனக்கு முன்னால் ஏறிப் போகும்போது பின்னாலிருந்து பார்த்தேன். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே என் கை நுழையும் அளவு இடைவெளி இருந்தது. அதற்குப் பிறகு எந்த நோயாளியிடமும் "வயசாகுது" என்ற சொல்லை நான் சொன்னதில்லை.

சரி, கால் ஏன் வளைகிறது?

நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அந்தக் கணத்தில் உடம்பின் பாரம் காலுக்கு நேர் மேலே இல்லை; உட்பக்கமாகத் தள்ளி இருக்கிறது. ஆகவே நேரான காலிலும்கூட, முழங்காலில் இறங்கும் பாரத்தில் 60 முதல் 70 வீதம் வரை உட்பாதியில்தான் விழுகிறது. கால் சில பாகை வளைந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். பாரம் கூடினால் உட்பக்கக் குருத்தெலும்பு மெலியும். சாதாரணதர விஞ்ஞானப் பாடத்தில் கசியிழையம் என்று படித்தோமே, அதுதான் இது. அது மெலிந்தால் மூட்டின் உட்பக்கம் தாழும். தாழ்ந்தால் கால் இன்னும் வளையும். வளைந்தால் பாரம் இன்னும் கூடும். செக்குமாடு மாதிரி இது சுற்றிச் சுற்றி வரும்.

இது வெறும் ஊகம் இல்லை. சிக்காகோவில் லீனா ஷர்மா என்ற வாதநோய் வைத்தியரும் அவருடைய குழுவினரும் முழங்கால் ஒஸ்டியோஆர்த்ரைட்டிஸ் உள்ள 237 பேரை 18 மாதம் பின்தொடர்ந்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். கால் வெளிப்பக்கம் வளைந்தவர்களுக்கு உட்பக்க மூட்டு மேலும் கெடும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. வெறும் 18 மாதத்தில் அந்த வித்தியாசம் தெரிந்தது.

இனி எலும்புக்கு வருகிறேன். முழங்கால் நோய் என்றால் குருத்தெலும்பு தேய்வது என்றுதான் பலரும் அறிந்திருக்கிறோம். "எலும்பு தேய்மானம்" என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தச் சொல் நம்மை ஏமாற்றிவிட்டது என்பேன். செருப்பு தேய்கிற மாதிரி, வண்டி டயர் தேய்கிற மாதிரி எலும்பும் தேய்கிறது என்று நினைத்தால், செய்ய ஒன்றுமில்லை என்ற முடிவுக்குத்தான் வருவோம். எலும்பு அப்படிப்பட்ட பொருள் இல்லை. அதில் இரத்தம் ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் அதில் வேலை நடக்கிறது. அந்த வேலையைத்தான் எலும்பின் அனுசேபம் என்கிறோம்.

நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம். பழைய கிளை போகிறது, புதிய துளிர் வருகிறது, செடி நூறு வருடமும் நிற்கிறது. எலும்பிலும் பழையதைக் கரைக்கும் கலங்கள் உண்டு, அவைதான் கவ்வாத்துக்காரர். அவர்கள் வெட்டிய இடத்தில் புதிதாகக் கட்டும் கலங்கள் உண்டு. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 வீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. எங்கே வெட்டுவது, எங்கே கட்டுவது என்று எலும்புக்குள்ளேயே புதைந்திருக்கும் மூன்றாவது வகைக் கலங்கள் சொல்கின்றன. அவை பாரத்தை உணர்பவை. பாரம் அதிகமாக விழும் இடத்தில் கட்டு என்பார்கள், பாரம் இல்லாத இடத்தில் விட்டுவிடு என்பார்கள். எலும்பு தனக்கு வரும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மன் வைத்தியர் யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார்.

இப்போது வளைந்த காலைப் பாருங்கள். பாரமெல்லாம் உட்பக்கம். ஆகவே குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பில், உட்பக்கம் வேலை சூடுபிடிக்கிறது. வெட்டுவதும் கட்டுவதும் வேகமாக நடக்கின்றன. நாள் போகப் போகக் கட்டுவது மிஞ்சி, அந்த இடம் தடித்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் பட்டை போட்டதுபோலத் தெரியும். மூட்டின் ஓரங்களில் எலும்பு முளைகள் வளரும். வெளிப்பக்கம் பாரம் இல்லாததால் அங்கே எலும்பு ஒப்பீட்டளவில் மெல்லியதாக இருக்கும். ஒரே முழங்காலில், ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு.

தடித்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். அவசரமாகக் கட்டிய மதில் பார்த்திருக்கிறீர்களா? சீமெந்து இறுகுவதற்கு முன்னே அடுத்த வரிசைக் கல்லை வைத்தால் மதில் பெரிதாக இருக்கும், பலமாக இருக்காது. இங்கும் அதேதான். வேகமாகக் கட்டிய எலும்பில் கல்சியம் போன்ற தாதுக்கள் முழுதாகப் படிய நேரம் இருப்பதில்லை. அளவில் அதிகம், தரத்தில் குறைவு. அந்த எலும்பு மேலே இருக்கும் குருத்தெலும்புக்கு நல்ல மெத்தையாகவும் இருப்பதில்லை. குருத்தெலும்பில் நரம்பு இல்லை, அது தானாக வலிக்காது. எலும்பில் நரம்பு உண்டு. உட்பக்கம் "குத்துது" என்று அம்மா சொன்ன வலியில் ஒரு பகுதி இந்த எலும்பிலிருந்து வருவது.

பிறிஸ்டலில் போல் டியப் என்ற வைத்தியரின் குழு 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எலும்பில் எங்கே வேலை வேகமாக நடக்கிறதோ அங்கே போய்ச் சேரும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். பின் ஐந்து வருடம் பொறுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் எலும்பு அமைதியாக இருந்த 55 முழங்கால்களில் ஒன்றுகூட மேலும் கெடவில்லை. எலும்பு மிகவும் கொதித்துக்கொண்டிருந்த 32இல் 28 கெட்டுப்போயின. மூட்டின் எதிர்காலத்தை எலும்பு முன்கூட்டியே சொல்லிவிட்டது.

அப்படியானால் எலும்புக்கு மருந்து கொடுத்தால் போதாதா? அதையும் செய்து பார்த்தார்கள். எலும்பு கரைவதைக் குறைக்கும் ரிசெட்ரோனேற் மாத்திரையை ஏறக்குறைய 2,500 பேரிடம் இரண்டு வருடம் சோதித்து 2006இல் முடிவு சொன்னார்கள். மூட்டு கெடுவதை அது நிறுத்தவில்லை. சொலெட்ரோனிக் அமில ஊசியும் 2020இல் வந்த அவுஸ்திரேலிய ஆய்வில் குருத்தெலும்பைக் காப்பாற்றவில்லை. விற்றமின் டி குறைவாக இருந்த முழங்கால் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. வலியிலும் குருத்தெலும்பிலும் எதிர்பார்த்த பலன் இல்லை.

ஏன் இப்படி? பாரம் அதே இடத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது மருந்து மட்டும் என்ன செய்யும் என்பது என் எண்ணம். கெண்டைக்கால் எலும்பை முழங்காலுக்குக் கீழே வெட்டிக் காலை நேராக்கும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. அதைச் செய்தவர்களின் உட்பக்க எலும்பைப் பின்னர் அளந்து பார்த்தால், தடிப்பு காலப்போக்கில் குறைகிறது. எந்த எலும்பு மருந்தும் இல்லாமல், பாரத்தின் பாதையை மாற்றியதாலேயே அது நடக்கிறது. எலும்பு நாம் சொல்வதைக் கேட்கும். அதற்குப் புரியும் மொழி பாரம் ஒன்றுதான். இன்றைய பேச்சில் நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியது இந்த ஒரு விசயத்தைத்தான்.

இங்கே இரண்டு நோய்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எலும்பு முழுவதும் மெலிந்து, சின்னதாக விழுந்தாலே இடுப்பு, மணிக்கட்டு முறிவது ஒஸ்டியோபொரோசிஸ். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது அதிகம். அதற்குக் கல்சியமும் விற்றமின் டியும் மேலே நான் சொன்ன எலும்பு மருந்துகளும் தேவைப்படலாம். முழங்கால் ஒஸ்டியோஆர்த்ரைட்டிஸ் வேறு. ஒரே அம்மாவுக்கு இரண்டும் இருக்கவும் கூடும். ஆனால் "முட்டி தேயுது, கல்சியம் வாங்கிப் போடு" என்று பக்கத்து வீட்டில் சொன்னால், அந்தப் பணத்துக்கு நெத்தலியும் குரக்கனும் வாங்குங்கள். உடம்புக்கு நல்லது. கால் வளைவு அதனால் நிமிராது.

பாரத்தைப் பற்றிப் பேசினால் நம் ஊரைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். புத்தகங்களில் முதல் ஆலோசனை, உடல் எடையைக் குறை என்பது. அது உண்மைதான். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் 4 கிலோ அளவில் குறைகிறது என்று 2005இல் அமெரிக்காவில் ஸ்டீபன் மெசியர் குழுவினர் அளந்து சொன்னார்கள். நகரத்தில் இருக்கும் என் வயதுத் தோழிகளே, இது நமக்குத்தான். ஆனால் என் கிளினிக்கிற்கு வரும் தோட்டத்து அம்மாமாரில் பலர் மெலிந்தவர்கள். 42 கிலோ எடையுள்ள ஒருவரிடம் எதைக் குறைக்கச் சொல்வது? அவருடைய பாரம் உடம்பில் இல்லை, முதுகில் இருக்கிறது. காலைப் பெரட்டு முடிந்து, இடுப்பில் படங்கைக் கட்டி, சரிவில் நிரை பிடித்து நின்று, நிறைந்த கொழுந்தைச் சுமந்து மடுவத்துக்கு இறங்குகிறார். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரையும் சேர்த்துச் சுமக்கிறார். மெசியரின் கணக்கை முதுகுச் சுமைக்கு அப்படியே போட முடியாது. ஆனாலும் எங்கிருந்து வந்த பாரமும் முழங்கால் வழியாகத்தான் நிலத்துக்குப் போகிறது.

இறக்கம் இன்னும் கடினம். சிவனொளிபாதமலைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும். நல்லதண்ணிப் பக்கம் இறங்கி வரும்போதுதான் முழங்கால் வெடவெடக்கும். நாம் வருடத்தில் ஒருமுறை இறங்குவதை நம் அம்மாமார் தினமும், சுமையோடு, 30 வருடம் இறங்கியிருக்கிறார்கள். ஆகவே கொழுந்து நிறுக்கும் இடம் மலைக்கு அருகில் இருப்பதும், ஒரு தடவைக்குச் சுமக்கும் அளவு குறைவதும், படிகளுக்குக் கைப்பிடி இருப்பதும் என் பார்வையில் வைத்திய ஆலோசனைகளே. தோட்டங்களிலும் தொழிற்சங்கங்களிலும் பொறுப்பில் இருக்கும் பழைய மாணவியர் இங்கே இருக்கிறீர்கள். சம்பளப் பேச்சு நடக்கும் மேசையில் இதையும் ஒரு வரியாக வையுங்கள்.

இனி வீட்டில் செய்யக்கூடியவை.

முதலில் பாருங்கள். அம்மாவை இரண்டு கணுக்கால்களும் ஒட்டும்படி நிற்கச் சொல்லுங்கள். முழங்கால்களுக்கு இடையில் மூன்று விரல் தாராளமாக நுழைந்தால், உட்பக்க வலியும் இருந்தால், காட்ட வேண்டும். இங்குள்ள வைத்தியசாலைக்கு முதலில் போங்கள். அங்கிருந்து கடிதம் பெற்று கிளங்கனுக்கோ நுவரெலியாவுக்கோ போகலாம். எக்ஸ்ரே எடுக்கும்போது நிற்க வைத்து எடுக்கிறார்களா என்று கேளுங்கள். படுத்திருக்கும் காலில் பாரம் இல்லை, வளைவு சரியாகத் தெரியாது.

இரண்டாவது, தொடையின் முன்பக்கத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும். பின் பக்கவாட்டில் படுத்து மேல் காலைத் தூக்கி இறக்குங்கள், அது இடுப்புத் தசைக்கு. "நாள் முழுக்க மலையில நடக்கிறேன், இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?" என்று அம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நடை வேறு, சுமை இல்லாமல் தசையைப் பலப்படுத்துவது வேறு. தசை பலமாக இருந்தால் மூட்டு ஆடாமல் நிற்கும்.

மூன்றாவது, ஊன்றுகோல். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானோர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். வெட்கப்பட வேண்டாம். கொழுந்து மலையில் மட்டக்கம்பு பிடித்த கைக்கு இதுவும் ஒரு கம்புதான். குந்தி உட்காரும் வேலைகளைப் பலகையிலோ முக்காலியிலோ உட்கார்ந்து செய்யுங்கள். கழிவறையில் உயரமாக உட்கார ஓர் ஏற்பாடு செய்து கொடுங்கள்.

நான்காவது, மருந்து. வலி மாத்திரை தேவையான நாளில், தேவையான அளவு, வைத்தியர் சொன்னபடி. பழைய அட்டையைக் காட்டி வாங்காதீர்கள். பிரஷர், சீனி, சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆபத்து. பூசும் மருந்து முழங்காலுக்கு நன்றாக உதவும். முழங்காலுக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசி சில வாரம் சுகம் தரும். ஆனால் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்தது, வலியிலோ வித்தியாசம் இல்லை என்று 2017இல் வந்த ஆய்வு சொன்னது. ஆகவே அதைப் பழக்கமாக்க வேண்டாம்.

ஐந்தாவது, சத்திரசிகிச்சை. காலை நேராக்கும் சிகிச்சை, உட்பக்கம் மட்டும் கெட்ட, வயது குறைந்த, உழைக்கும் பெண்களுக்குப் பொருந்தும். காலம் தாழ்ந்தால் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு முழு மூட்டையும் மாற்றுவதே மிஞ்சும். அதுவும் நல்ல சிகிச்சைதான், பயப்பட வேண்டியதில்லை.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைக்காம்பராவில் இருக்கும் சின்னப் பிள்ளைகளின் கால் இரண்டு வயது வரை வளைந்திருப்பது இயற்கை. மூன்று நான்கு வயதில் முழங்கால் முட்டும், ஏழு வயதளவில் நேராகிவிடும். எண்ணெய் போட்டு இழுத்துக் கட்ட வேண்டாம். மூன்று வயதுக்குப் பிறகும் வளைவு இருந்தால், ஒரு காலில் மட்டும் இருந்தால், மணிக்கட்டு தடித்திருந்தால் காட்டுங்கள். விற்றமின் டி குறைவால் வரும் கணைச்சூடு போன்ற எலும்பு மென்மை நோய் என்றால், அதற்கு மருந்து உண்டு. மூடுபனியும் மழையும் உள்ள ஊர் இது. வெயில் வரும்போது பிள்ளைகளை வெளியே விடுங்கள்.

என் அம்மாவின் வலது முழங்கால் மாற்றப்பட்டது. இடது காலை இன்னும் அவருடைய சொந்த மூட்டிலேயே வைத்திருக்கிறோம், தினமும் பயிற்சி செய்கிறார். நான் தொலைபேசியில் கேட்டால், "செஞ்சிட்டேன், செஞ்சிட்டேன்" என்பார். செய்யாத நாளும் குரலில் தெரியும். அவருக்கு 51 வயதில் நான் காலைப் பார்த்திருந்தால் வலது காலையும் காப்பாற்றியிருக்கலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருவேளை முடிந்திருக்கும். வயிற்றுப் புண் நிச்சயமாக வந்திருக்காது.

நம்மைப் படிக்க வைத்தது இந்தப் பாடசாலை. இந்தப் பாடசாலைக்கு நம்மை அனுப்பி வைத்தது அந்தக் கால்கள். நூற்றாண்டு மலரில் நாம் எத்தனையோ பேருக்கு நன்றி எழுதுவோம். இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவை ஒருமுறை நிற்க வைத்து, குனிந்து, அவருடைய காலைப் பாருங்கள். "வயசாச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.